குடும்பச் சரிவு

டிசம்பர் 28, சனி

இட்லி மாவு கொண்டுவரவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். இன்று எல்லோரும் அதிகமாகப் பேசியது அதைப் பற்றித்தான்.

ஒவ்வொரு புத்தாண்டு விடுமுறைக்கும் டோக்கியோவிலிருந்து மூன்று தமிழ்க் குடும்பங்கள் வடக்கே அகிதாவின் இந்த உள்மலைக்கு வருகிறோம். என் கணவரின் நண்பர் மகுடபதி அண்ணன் கண்டுபிடித்த இடம். பேர்போன பனிமலைகளில் கூட்டம் தாங்காது என்பார். இங்கே மேலே ஒரு லிஃப்ட், கீழே ஒரு லிஃப்ட், ஒரு தங்கும் விடுதி. ஒற்றைப் பெட்டி ரயிலில் வந்து இறங்க வேண்டும். பெயரைச் சொன்னால் ஜப்பானியர்களே எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள்.

ஆண்களும் பிள்ளைகளும் பனியில் சறுக்கப் போவார்கள். பெண்கள் விடுதியின் சின்னச் சமையலறையில் எல்லோருக்கும் சமைப்போம். ஐஸ் பெட்டியில் மாவு கொண்டுவருவது என் பொறுப்பு. இந்த முறை எனக்கும் மகள் ஆதிரைக்கும் துணிமணி மட்டும் எடுத்துவந்தேன்.

சுபத்ரா என் பைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவள் மகுடபதி அண்ணனின் மனைவி, ஈரோட்டுக்காரி.

"மாவு எங்கக்கா?"

"கொண்டு வரல."

"ஏனுங்க்கா, மிக்ஸி கெட்டுப்போச்சா?"

"மிக்ஸி நல்லாத்தான் இருக்கு."

அண்ணன் அவளைத் தனியே கூப்பிட்டு, "விடு சுபா, அவங்க மனசு என்ன நிலைமையில இருக்குதோ" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் கணவர் சிவபெருமாள் மே மாதம் இறந்தார். அலுவலகத்தில் மாரடைப்பு. நல்ல மனிதர். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

டோக்கியோவை அடுத்த சைதாமாவில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரலில் சேர வேண்டும். விசாவும் மாற்றியாகிவிட்டது. இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அறிவுரை வரும்.

டிசம்பர் 29, ஞாயிறு

காலையில் எல்லோரும் கிளம்பியபோது நானும் கிளம்பினேன். சறுக்குப் பள்ளியின் மேசைக்குப் போய், முதல்முறை கற்பவள், தனி ஆசிரியர் வேண்டும் என்று ஜப்பானிய மொழியில் சொன்னேன். திரும்பினால் சுபத்ரா வாயைத் திறந்தபடி நிற்கிறாள்.

"அக்கா, நீங்க இவங்க பாஷை பேசுவீங்களா?"

"பேசுவேன்."

"சிவாண்ணன்தானே எப்பவும் உங்களுக்குப் பேசுவாரு."

ஆமாம். ஓட்டலில், ஆஸ்பத்திரியில், ஆதிரையின் பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் அவர்தான் பேசுவார். எனக்கு அவர் மொழிபெயர்த்துச் சொல்வார். நானும் கேட்டுக்கொள்வேன். அவர் வேலைக்குப் போனபின் நூலகத்தில் நடக்கும் வகுப்புக்கு நான் போனதும், தேர்வுகள் எழுதியதும் அவருக்குத் தெரியாது. தெரிவிக்கும்படியான சந்தர்ப்பம் வரவில்லை. சுபத்ராவிடம், நூலக வகுப்பில் படித்தேன் என்று மட்டும் சொன்னேன்.

வாடகைக் கடையில் என் அளவுக்கு ஒரே ஒரு உடைதான் இருந்தது. கிளிப்பச்சை. சறுக்குப் பூட்ஸ் என்பது சிமெண்டில் காலை விடுவது போல. கணுக்கால் அசையாது, நடந்தால் ரோபோ.

ஆசிரியையின் பெயர் குடோ; மரியாதைக்குக் குடோ சான் என்று கூப்பிட வேண்டும். என் வயதுதான் இருக்கும். வெயில் பட்டுக் கறுத்த முகம், சுருக்கமான பேச்சு. என்னைக் 'குடும்பச் சரிவு' என்று எழுதி வைத்த இடத்துக்குக் கூட்டிப்போனார். ஐந்து வயதுப் பிள்ளைகள் கற்கும் இடம். சறுக்குப் பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து வைத்து, பின்பக்கத்தை அகட்ட வேண்டும். அப்படி வைத்தால் வேகம் குறையும். முட்டி மடங்க வேண்டும். கைகள் முன்னால் இருக்க வேண்டும்.

"விழப் போகிறீர்கள் என்று தெரிந்தால் பக்கவாட்டில் விழுங்கள். பின்னால் உட்காராதீர்கள்" என்றார்.

பின்னால்தான் உட்கார்ந்தேன். பல தடவை. குடோ சான் கைகொடுக்கவில்லை. பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி எப்படி எழுந்திருப்பது என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

ஆதிரை மேலிருந்து சர்ரென்று வந்து பக்கத்தில் நின்றாள். பதினோரு வயது, ஐந்து வயதிலிருந்து சறுக்குகிறாள். "அம்மா, கீழ பாக்காத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மாலையில் சுபத்ரா கேட்டாள், "ராத்திரிக்கு என்னக்கா செய்யலாம்?"

"விடுதியில சாப்பாடு தாராங்கல்லா. அதச் சாப்பிடுவோம்."

சோற்றை இடித்துக் குச்சியில் சுட்டு, கோழிச் சாறில் போட்டுக் கொடுத்தார்கள். கூடவே புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாய். இத்தனை வருஷம் வந்தும் நாங்கள் யாரும் இதை ருசி பார்த்ததில்லை. நான் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 30, திங்கள்

காதைத் தவிர எல்லா இடமும் வலிக்கிறது.

இன்று லிஃப்டில் ஏறினேன். நாற்காலி பின்னாலிருந்து வந்து முழங்காலில் தட்டும். உடனே உட்கார்ந்துவிட வேண்டும். இறங்கும்போது விழுந்தேன். லிஃப்ட்காரர் இயந்திரத்தை நிறுத்தி, நான் எழுந்ததும் மறுபடி ஓட்டினார். எனக்காக ஒரு மலையே நின்றது. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மகுடபதி அண்ணன் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தார். "சிவா இல்லாத மொத வருஷம். அவனோட குரலையாவது கேப்போம்" என்று விடுதி டிவியில் பழைய வீடியோவைப் போட்டார்.

எனக்குத் தெரியும் எந்த வீடியோ என்று. நாங்கள் முதல்முறை வந்தபோது எடுத்தது. நான் பலகை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிறேன், விழுகிறேன், மறுபடி விழுகிறேன். படம் எடுப்பவர் அவர். சிரிப்பில் படம் ஆடுகிறது. "பாருங்க, பாருங்க, எருமை விழுது. எந்திரிக்கத் தெரியல பாருங்க" என்கிறார். ஒவ்வொரு வருஷமும் இதைப் போடுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இன்று யாரும் சிரிக்கவில்லை. அவர் குரலைக் கேட்டு அண்ணன் தேம்பினார். சுபத்ரா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஆதிரை பாதியிலேயே எழுந்து அறைக்குப் போய்விட்டாள். தூக்கம் வந்திருக்கும்.

டிசம்பர் 31, செவ்வாய்

குடும்பச் சரிவில் மேலிருந்து கீழே வரை விழாமல் வந்தேன். குடோ சான் "சரி" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைக் கேட்டு நான் குழந்தை மாதிரி மறுபடி லிஃப்டுக்கு ஓடினேன், பூட்ஸோடு.

மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. சுபத்ராவுடன் வெந்நீர்க் குளத்துக்குப் போனேன். இங்கே எல்லோரும் பிறந்த மேனியாகத்தான் இறங்க வேண்டும். அவளுக்கு இன்னும் கூச்சம் போகவில்லை. சின்னத் துண்டை இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். என் முழங்கால் இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன.

"எதுக்குக்கா இந்தப் பாடு?" என்றாள்.

"பிடிச்சிருக்கு."

ஓரத்தை விட்டு என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

"அக்கா, நாஞ் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க. உங்களுக்குத் தெரியாம எல்லாம் முடிவாயிருச்சு. கோவில்பட்டியில இருந்து உங்க பெரியத்தான் இவருகிட்டப் பேசீட்டாரு. மார்ச்சுல நீங்க ஊருக்குப் போறீங்கன்னு வீட்டுத் தரகர்கிட்டயும் இவரு சொல்லீட்டாரு. இங்க வச்சு உங்களுக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லலாம்னுதான் இந்த வருஷமும் உங்களைக் கூப்பிட்டது."

பெரியத்தான் என்பது என் கணவரின் அண்ணன். டோக்கியோவில் எங்கள் வாடகை வீட்டின் ஒப்பந்தம் என் கணவர் பெயரில் இருந்தது. அவர் இறந்தபின், தரகரிடம் தானே பேசிக்கொள்வதாக மகுடபதி அண்ணன் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு நானும் விட்டுவிட்டேன்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியுங்க்கா." அப்புறம் மெதுவாக, "பாப்பாவுக்குக்கூடத் தெரியும்" என்றாள்.

அறைக்கு வந்து ஆதிரையிடம் கேட்டேன். மடியில் இருந்த காமிக்ஸை மூடாமலே சொன்னாள்: "பெரியப்பா உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்க. நீ அழுவேன்னாங்க."

அவளிடம் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஒன்று இருந்தது. பள்ளி முற்றத்தில் அவளும் மியோ என்ற சிநேகிதியும் கைகோத்து ஓட்டுவார்கள். விடுமுறை விட்ட அன்று அதை மியோவுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். சலித்துவிட்டது என்றாள். நானும் நம்பினேன்.

"அதனாலதான் சைக்கிள மியோகிட்டக் குடுத்தியா?"

"அங்க ரோட்டுல ஓட்ட முடியாதுல்ல."

"உனக்குப் போணுமா?"

"நீ போனா வருவேன்."

"நான் போகல."

காமிக்ஸை மூடினாள். "அப்ப மியோகிட்டத் திருப்பிக் கேக்கலாமா?"

"கேக்கலாம்."

இப்போது தூங்குகிறாள். கீழே எல்லோரும் புத்தாண்டுக்குக் கேக் வெட்டக் கூப்பிடுகிறார்கள். நான் போகவில்லை.

ஜனவரி 1, புதன்

இன்று எழுத ஒன்றும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் இதே குடும்பச் சரிவில், எல்லோரும் மேலே போயிருந்த நேரத்தில், ஆதிரையின் பழைய பலகையை மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சறுக்கிப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. அவர் என்னைத் திட்டுகிறவர் இல்லை. பொங்கல் வரைக்கும் பேசவில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுவார். ஆதிரையிடம் "உங்கம்மாகிட்டச் சொல்லு" என்பார். அப்போது அவளுக்கு எட்டு வயது. இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி ஓடிச் சொன்னாள்.

நல்ல மனிதர். அவர் இறந்த மாதம் நான் நன்றாகத் தூங்கினேன். இதை எழுதியிருக்க வேண்டாம். அழிக்கவும் மாட்டேன்.

ஜனவரி 2, வியாழன்

காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு டேப்லெட்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் பெரியத்தான்; ஊரில் இன்னும் விடியக்கூட இல்லை. நெற்றியில் திருநீறு, பின்னால் என் கணவரின் படத்துக்கு மாலை. மற்ற குடும்பத்தார் தட்டுகளோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஆதிரை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா பகவதி, சொகமா இருக்கியா? போன் போட்டா எடுக்க மாட்டக்க."

"சொகந்தான் அத்தான். வகுப்புல இருந்தேன்."

"வகுப்பா? சரி, நல்ல சேதி கேளு. இங்க ஸ்கூல்ல பேசி முடிச்சாச்சு. உனக்கு கெமிஸ்ட்ரி டீச்சர் வேல. பிள்ளைக்கு அங்கயே சீட்டு. மாடியில ரெண்டு ரூமையும் வெள்ளையடிச்சு வச்சிருக்கேன். அத்தையும் வழியவே பாத்துக்கிட்டு இருக்காக. மகுடபதி தம்பி வீட்டு விஷயத்த முடிச்சுட்டாரு. நீ ஒண்ணும் கவலப்படாண்டாம்."

அவர் கெட்டவர் இல்லை. எனக்காக வெள்ளையடித்திருக்கிறார். அது உண்மை. அதனால்தான் சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தது.

"அத்தான், எனக்கு இங்க வேல கெடச்சிருக்கு. ஏப்ரல்ல சேரணும். நான் வரல."

யாருடைய கரண்டியோ தட்டில் பட்டது.

"யாரக் கேட்டுச் சேந்த?"

"யாரையும் கேக்கல."

"சிவா இருந்தா இதுக்குச் சம்மதிப்பானா?"

"சம்மதிச்சிருக்க மாட்டாக."

"தெரியுதுல்லா?"

"தெரியும். அதுக்காகத்தான் அவுக இருந்தப்பக் கேக்கவே இல்ல."

பெரியத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எழுந்துகொண்டேன். "வகுப்புக்கு நேரமாச்சு அத்தான். பெறகு பேசுதேன்."

மகுடபதி அண்ணனும் எழுந்தார். "தங்கச்சி, பெரியவங்க பேசீட்டு இருக்கறப்ப எந்திரிச்சுப் போறது நல்லா இருக்காதுங்க."

"என் வீட்ட என்னக் கேக்காமக் காலி பண்ணச் சொன்னது நல்லா இருக்குதாண்ணா?"

"உங்க நல்லதுக்குத்தானுங்க செஞ்சோம். இந்த ஊர்ல தனியா ஒரு பொம்பள என்ன பண்ணிப்போட முடியும்?"

"பனியில சறுக்குவேன்" என்றேன். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது. ஆதிரை களுக்கென்று சிரித்துவிட்டாள். அவளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பூட்ஸ் மாட்டும்போது கொக்கி பிடிபடவில்லை. அவள்தான் குனிந்து மாட்டிவிட்டாள்.

குடோ சானிடம் இன்று மேல் லிஃப்டுக்குப் போகலாம் என்றேன். அவர் மலையை நிமிர்ந்து பார்த்தார்.

"மேலே காற்று. வேண்டாமென்றால் இன்னொரு நாள் போகலாம்."

"வேண்டும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி. நான் நில் என்றால் நிற்க வேண்டும்" என்றார். ஆதிரையைக் கீழேயே காத்திருக்கச் சொன்னேன்.

மேலே மரங்களைக் காணவில்லை. ஒவ்வொரு மரத்தின் மேலும் காற்று பனியை அப்பி அப்பி, வெள்ளை வெள்ளையாகப் பெரிய உருவங்கள் கூட்டமாக நின்றன. எதிரே பத்தடிக்கு மேல் தெரியவில்லை. குடோ சானின் சிவப்புச் சட்டையை மட்டும் பார்த்து இறங்கினேன். முதல் திருப்பத்தில் விழுந்தேன். இரண்டாவதிலும். ஒரு பலகை கழன்று போய்ப் பனியில் புதைந்தது. தோண்டி எடுத்து மாட்டினேன். செங்குத்தான ஓர் இடத்தில் பலகைகளைக் குறுக்கே வைத்து, படியிறங்குவது போல் பக்கம் பக்கமாக இறங்க வேண்டியிருந்தது.

அங்கே மறுபடி விழுந்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. இன்னொரு முறை பார்த்தேன். காதில் அந்த வீடியோ. நான் கத்தினேன். தமிழில். அவர் பெயரைச் சொல்லி, நான் வாழ்க்கையில் வாயால் சொல்லாத வார்த்தைகள் எல்லாம். காற்று அவற்றை வாங்கிக்கொண்டு போனது.

குடோ சான் கொஞ்சம் கீழே நின்றபடி கேட்டார். "வலிக்கிறதா?"

"இல்லை. திட்டுகிறேன்."

"மலையையா?"

"இறந்துபோன கணவரை."

அவர் தலையசைத்தார். "இங்கே யாருக்கும் கேட்காது. கொஞ்சம் இறங்கினால் லிஃப்ட்காரர்கள் இருப்பார்கள். மீதி இருந்தால் இங்கேயே முடித்துவிடுங்கள்."

மீதி இருந்தது. முடித்தேன். பிறகு பலகைகளைக் குறுக்கே திருப்பி, கைத்தடியை ஊன்றி எழுந்தேன்.

கீழே வந்து சேர நெடுநேரம் ஆகிவிட்டது. ஆதிரை மூக்கு சிவக்க நின்றிருந்தாள். "எத்தன தடவ விழுந்த?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது உண்மைதான்.

ஜனவரி 3, வெள்ளி

மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். நானும் ஆதிரையும் திங்கள்வரை இருக்கிறோம். மகுடபதி அண்ணன் என்னிடம் பேசாமல், ரயிலடிக்குப் போகும் விடுதி வேனில் ஏறினார். தரகருக்கு மெயில் அனுப்பச் சொன்னேன்; இனி அவர் பொறுப்பில்லை, என்னிடம் நேரடியாகப் பேசச் சொல்லுங்கள் என்று. அதை மட்டும் அனுப்பிவிட்டார்.

சுபத்ரா என்னைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, நூலக வகுப்புன்னு சொன்னீங்களே, அது இன்னும் நடக்குதுங்களா?" என்று காதருகில் கேட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் என்றேன்.

ஜனவரி 4, சனி

நாள் முழுவதும் பனி. நாள் முழுவதும் சறுக்கினோம். துணி துவைத்தேன்.

ஜனவரி 5, ஞாயிறு

வீட்டுத் தரகர் அலுவலகம் இன்று திறந்தது. நானே பேசினேன். காலி செய்யவில்லை என்றேன். போனை எடுத்த பெண் மிகவும் பணிவாக, பலமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஏப்ரலிலிருந்து அந்த வீடு வேறொரு குடும்பத்துக்கு முடிவாகிவிட்டது என்றாள். வீட்டுக்காரர் கையெழுத்தும் போட்டுவிட்டாராம்.

ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழுந்தது. அப்புறம் சொன்னேன்: "அப்படியானால் சைதாமா பக்கம் எனக்கு வேறு வீடு பாருங்கள். இரண்டு பேருக்கு. ஒப்பந்தம் என் பெயரில்." வேலை இடத்தின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். இந்த வாரமே தேடித் தருகிறேன் என்றாள்.

ஆதிரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஸ்கூல் மாறணுமா?"

"ஆமா."

"மியோ?"

"ரயில்ல போய்ப் பாக்கலாம். தெனமும் பாக்க முடியாது."

வாயை மூடிக்கொண்டாள். மதியச் சாப்பாட்டின்போது பேசவில்லை. அதற்குப் பிறகும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்த முதுகை எனக்குத் தெரியும்; அவள் அப்பாவின் முதுகு. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கோவம்னா சத்தம் போட்டுச் சொல்லு. என்னயத் திட்டு. பேசாம மட்டும் இருக்காத."

திட்டினாள். எல்லோரும் அவளைக் கேட்காமலே முடிவு செய்கிறோமாம். பெரியப்பாவும் அப்படி, நானும் அப்படியாம். பாதி ஜப்பானிய மொழியில் கத்தினாள். சரிதான் என்றேன். புது வீடு பார்க்கும்போது கூட்டிப்போவேன், உனக்குப் பிடிக்காத வீட்டுக்கு வேண்டாமென்று சொல்லலாம் என்றேன். "ப்ராமிஸா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, பசிக்கிறது என்றாள்.

அப்புறம் பெரியத்தானை நானே அழைத்தேன். வேறு யாரும் கூட இல்லாததால் அவர் குரல் தணிந்திருந்தது.

"பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு, சொந்தம் பந்தம் இல்லாத ஊருல எப்படிம்மா இருப்ப?"

"இருந்து பாக்கேன், அத்தான்."

"முடியலன்னா?"

"முடியலன்னா நானே சொல்லுதேன். நீங்க சொல்லாண்டாம்."

"அப்ப இந்த வீட்டுப் படிய இனி மிதிக்காத" என்றார். வைத்துவிட்டார். வெள்ளையடித்த அறைகளை நினைத்தேன். அத்தையை நினைத்தேன், அவர் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார். கொஞ்சம் அழுதேன். அதை மறைத்து எழுத வேண்டியதில்லை.

ஆதிரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு கதவருகில் நிற்கிறாள். மேல் லிஃப்ட் இன்னும் ஓடுகிறது. போகிறோம்.